பொழுது யாருடையது?

(மே நாள் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  ஆலையிலும் கடையிலும் வயலிலும் பகலெல்லாம் உழைத்துக் களைத்தும், வீட்டிற்குச் சென்று காலை நீட்டிப் படுக்காமல், இங்கு வந்து தரையில் அமர்ந்திருக்கின்ற உழைக்கும் தோழர்களே! தாய்மார்களே! 

உழைப்பாளர் கூட்டம் என்றால் கூலி உயர்வைப் பற்றிப் பேசுவது வழக்கம். பேசவேண்டியதுதான். ஆனால், கூலி என்பது நாம் பெறுகின்ற பொருள். அதற்கு ஈடாக நாம் கொடுக்கின்ற பொருள் எது? வியர்வை என்பீர்கள், உடல்வலி என்பீர்கள். அவையும் உண்மையே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்று இருக்கிறது. அதுதான் பொழுது. நம் வாழ்நாளில் ஒரு துண்டை அறுத்து நாள்தோறும் விற்கின்றோம். பிற பொருளை விற்றவன் பின்னாளில் அதனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விற்ற நிலத்தைக்கூட மீட்டவர் உண்டு. விற்ற பொழுதை மீட்டவர் எவரேனும் உண்டா? எண்ணிப் பாருங்கள்! அந்தப் பொழுதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

ஆலைச் சங்கு

நான் ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகன். எங்கள் ஊரில் கோழி கூவி எவரும் எழுந்ததில்லை. ஆலைச் சங்கு ஊதித்தான் எழுந்தோம். முதற்சங்கிற்கு அடுப்பில் உலை ஏறும். இரண்டாம் சங்கிற்குத் தூக்குப் போணியில் சோறு அடைபடும். மூன்றாம் சங்கு ஓய்வதற்குள் என் தந்தையார் ஆலை வாயிலைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் வாயில் மூடப்படும். அன்றைய கூலி போகும். திருமணத்திற்கு நாள் குறிப்பதும், பிணத்தை எடுப்பதும்கூட அந்தச் சங்கைக் கேட்டுத்தான்.

அவர்க்கு இரவுமுறை வருங் கிழமைகளில், நான் பள்ளிக்குப் போன பிறகு வீடு திரும்புவார். நான் திரும்புவதற்குள் புறப்பட்டுவிடுவார். பகல்முறையோடு மிகைநேரமும் பார்த்த நாள்களில், நான் உறங்கிய பின்னர் வருவார். என் தாயார் பின்னாளில் ஒரு செய்தி சொன்னார். உறங்குகின்ற என் அருகில் உட்கார்ந்து, தலை முதல் கால் வரை சாண் போட்டுப் பார்ப்பாராம். “ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறான்” என்பாராம். தன் பிள்ளை வளர்வதைக் கண்ணாற் காணப் பொழுதில்லாமல் கையால் அளந்து தெரிந்துகொண்ட தந்தை அவர். அந்த ஆலை அவர்க்குக் கூலி கொடுத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தக் கூலியால்தான் நான் படித்தேன். ஆனால் அவர் கொடுத்த பொழுதிற்கு அந்தக் கூலி ஈடாகுமா? இக்கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

இரண்டு சொற்கள்

நம் மொழியில் உழைப்பின் பயனைக் குறிக்க இரண்டு பழைய சொற்கள் உண்டு. ஒன்று கூலி, மற்றொன்று ஊதியம். திருக்குறளில் இரண்டும் வருகின்றன. அங்கே கூலி என்பது உடலை வருத்தி முயன்றவன் பெறுகின்ற பயன். ஊதியம் என்பது பேறு, ஆக்கம். இன்று வணிகர் இலாபம் என்று எதைச் சொல்லுகின்றாரோ, அதைத்தான் அன்று ஊதியம் என்றனர். அச்சொல் இன்று தொழிலாளி திங்கள்தோறும் வாங்கும் பணத்திற்குப் பெயராக வழங்குகிறது. பெயர் நம்மிடம் வந்துவிட்டது. ஆனால் அப்பெயர் குறித்த ஆக்கம் நம்மிடம் வந்ததா? வரவில்லை. அஃது எங்கோ நின்றுவிட்டது.

கூலி என்னுஞ் சொல்லின் கதை இதனினும் கொடியது. தமிழில் அது பயனின் பெயர். வெள்ளையன் வாயில் அதே ஒலி ஆளின் பெயராயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும், மலையாவின் இரப்பர்க் காடுகளிலும், பீசித் தீவின் கரும்புக் காடுகளிலும் மாந்தனையே ‘கூலி’ என்று எழுதிப் பேரேட்டில் ஏற்றினர். பெறவேண்டிய பயனையே பெறுபவனுக்குப் பெயராகச் சூட்டினால் என்ன பொருள்? இவனுக்கு வேறு வாழ்வு இல்லை. இவன் பொழுது முழுவதும் வாங்கப்பட்டுவிட்டது என்பதுதானே பொருள்? இதனை மறவாதீர்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

ஒரு நாள் ஓய்வுக்காக

பொழுதிற்கான போராட்டம் நமக்குப் புதிதன்று. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஆலை ஆர்வி என்னும் வெள்ளையர் குழுமத்தினுடையது. தொழிலாளர்க்குத் துணை நின்றோர் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். அவர்கள் கேட்டவை யாவை? கூலி உயர்வு கேட்டனர். அதனோடு கிழமைக்கு ஒரு நாள் ஓய்வும் கேட்டனர். ஏழு நாளில் ஒரு நாள் நம்முடையதாக இருக்கட்டும் என்று கேட்பதே அன்று கலகமாகக் கருதப்பட்டது.

அந்த ஒன்பது நாளும் தூத்துக்குடி ஊரே தொழிலாளர் பின்னால் நின்றது. ஊரார் பொருளும் உணவும் கொடுத்தனர். வெள்ளையர் பக்கம் நின்றவர்க்கு முடிதிருத்துநர் மழிக்கவும் மறுத்தனர். ஆலை பணிந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. சில நாள்களிலேயே, மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள், சிதம்பரனாரும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். அதே ஆண்டு சூலையில் சிதம்பரனார்க்கு இரட்டை வாழ்நாள் ஒறுப்பு வழங்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. ஆனால் கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்த வரலாற்றை இங்குள்ள சிறுவரும் அறிவர். கப்பலுக்காக மட்டும் அவர் செக்கிழுத்தார் என்று எண்ணாதீர்கள். இன்று நாம் நுகர்கின்ற ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தச் செக்கின் எண்ணெய் சொட்டுகிறது.

பத்தாண்டுகள் கழித்து, 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்க்காகச் செல்வபதியாரும் இராமானுசலுவும் முன்னின்று தொடங்கிய சங்கம் அது. தலைமை ஏற்றவர் பி.பி. வாடியா. அங்கு எழுந்த முதற் குறைகளுள் ஒன்று என்ன தெரியுமா? நண்பகல் உணவுக்கு அரைமணிநேரந்தான் விட்டனர். அதற்குள் கைகழுவி, உண்டு, மீண்டும் பொறியின் முன் நிற்கவேண்டும். இந்நாட்டின் தொழிற்சங்க வரலாற்றின் முதற் பக்கத்தில் இருப்பது, ஒரு தொழிலாளி தன் சோற்றை அமைதியாக மென்று விழுங்குவதற்குக் கேட்ட சில மணித்துளிகள்!

1921-இல் அவ்வாலைகளில் வேலைநிறுத்தம் ஆறு திங்கள் நீண்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அதற்கு முன்பே, வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்று சங்கத் தலைவர்கள் மீது இழப்பீட்டு வழக்கும் தொடுக்கப்பட்டிருந்தது. சங்கத்திற்குச் சட்டக் காப்பு வேண்டும் என்னுங் குரல் அந்த வழக்கிலிருந்து வலுத்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது.

எட்டுமணி வந்த படிகள்

உலகத்தில் எட்டுமணிநேர வேலைக்காக 1886-ஆம் ஆண்டு மே முதல் நாள் அமெரிக்கத் தொழிலாளர் எழுந்தனர். அதனையொட்டிச் சிகாகோவில் நடந்த நிகழ்ச்சிகளின் முடிவில், 1887 நவம்பர் 11-ஆம் நாள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் நினைவாக உலகம் கொண்டாடுகின்ற மே நாளை இந்நாட்டில் முதன்முதல் கொண்டாடியவர் நம் சிங்காரவேலர், ஆண்டு 1923, இடம் சென்னைக் கடற்கரை.

இங்கே சட்டம் எவ்வாறு இறங்கி வந்தது என்று பாருங்கள். 1881-இல் வெள்ளையர் இயற்றிய முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழாண்டு நிரம்பிய குழந்தையை ஒன்பது மணிநேரம் வேலை வாங்கலாம் என்றது. வளர்ந்தவர்க்கு வரம்பே இல்லை. 1911-இல் துணியாலை ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி. 1922-இல் 11 மணி, கிழமைக்கு 60. 1934-இல் 10 மணி, கிழமைக்கு 54. 1946-இல், அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராய் இருந்து முயன்றதன் பயனாய், கிழமைக்கு 48 மணி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை நிலைநிறுத்தியது. 1881-இலிருந்து 1948 வரை 67 ஆண்டுகள்! ஒவ்வொரு மணியையும் நம் முன்னோர் பல்லைக் கடித்து இழுத்துக் கொணர்ந்தனர். எந்த முதலாளியும், எந்த அரசும் இரக்கப்பட்டு ஒரு மணித்துளியையும் நமக்குக் கொடுத்ததில்லை.

ஏறிய படி இறங்குமா?

67 ஆண்டுகளில் பெற்றதை ஒரே நாளில் இழக்கமுடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்று கண்டோம். 2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள், தமிழக சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. நாள்நேர வரம்பு, கிழமைநேர வரம்பு, கிழமை விடுப்பு, மிகைநேர ஊதியம் ஆகியவை பற்றிய பிரிவுகளினின்று எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்களிக்கும் ஆற்றலை அது அரசிற்குத் தந்தது. பன்னிரண்டு மணிநேர வேலைக்குக் கதவு திறந்தது என்று தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளியேறின. மூன்றாம் நாள், 24-ஆம் தேதி, திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அவ்வெற்றி தொழிலாளருடையது. ஆயினும் அந்தக் கதவு ஏன் திறக்கப்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

‘கிழமைக்கு 48 மணி என்பது மாறாது, நாளைக்குப் பன்னிரண்டு மணியாக நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு கொள்ளலாம், விரும்புவோர்க்கு மட்டுமே இது’ என்று அரசு தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. கணக்கு அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் வாழ்க்கை தாளில் நடப்பதில்லையே! பன்னிரண்டு மணி வேலை. போகவர இரண்டு மணி. உறக்கம் ஏழு மணி. எஞ்சியவை மூன்றே மணி. அந்த மூன்று மணியில் ஒரு தாய் சமைக்கவேண்டும், குளிக்கவேண்டும், தண்ணீர் பிடிக்கவேண்டும், பிள்ளையின் பாடத்தைப் பார்க்கவேண்டும், மாமியார்க்கு மருந்து கொடுக்கவேண்டும். ஆண்மக்களே! பன்னிரண்டு மணி என்பது உங்களுக்குப் பன்னிரண்டு மணி. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அது பதினேழு மணி. ‘விரும்பினால்’ என்னும் அந்தச் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று அஞ்சுகின்றவனிடம் ‘விருப்பமா?’ என்று கேட்பது, நீரில் மூழ்குகின்றவனிடம் ‘இந்தக் கயிறு பிடித்திருக்கிறதா?’ என்று கேட்பது போன்றது.

அதே ஆண்டு அக்டோபரில் பெருங்குழுமமொன்றைத் தோற்றுவித்தவர், இளைஞர் கிழமைக்கு 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 சனவரியில் மற்றொரு பெருங்குழுமத் தலைவரின் பேச்சு வெளியாயிற்று. அவர் 90 மணிநேரம் என்றார். ஞாயிறு தவிர்த்துக் கணக்கிட்டால் நாளைக்குப் பதினைந்து மணி! நாட்டை வளர்க்கத்தானே சொல்லுகின்றார்கள் என்பீர்கள். வளர்ந்தது எவர் வீட்டில் என்று பார்ப்போம். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-இல் இந்திய நாட்டு வருமானத்தில் 22.6 விழுக்காடு நூற்றுக்கு ஒருவராக உள்ள மேல்தட்டினர்க்குச் சென்றது. செல்வத்தில் 40.1 விழுக்காடு அவர்கள் கையில் இருந்தது. கீழ்ப்பாதியில் உள்ள ஐம்பதுபேர்க்கும் சேர்த்து வருமானத்தில் 15 விழுக்காடே கிடைத்தது. இதனைப் பொழுதின் கணக்கில் சொல்லுகிறேன். கீழ்ப்பாதியில் உள்ள ஒருவர் ஓராண்டு முழுவதும் பெறுவதை, மேல்தட்டில் உள்ள ஒருவர் சராசரியாக ஐந்து நாளில் பெற்றுவிடுகிறார். இவருடைய 365 நாள் அவருடைய ஐந்து நாளுக்கு ஈடு! ஐந்து நாளின் உரிமையாளர், 365 நாளையும் விற்றவனைப் பார்த்து, ‘இன்னுஞ் சிறிது பொழுது கொடு’ என்று கேட்கிறார். அந்தப் பேச்சின் பொருள் இதுதான்.

நிற்கும் கால்கள்

சென்னையில் ஒரு பெரிய துணிக்கடைக்குச் சென்றிருந்தேன். அங்கு வேலை பார்த்த ஒரு தென்பாண்டிப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். காலை ஒன்பதிற்கு நின்றால் இரவு பத்துவரை நிற்கவேண்டும் என்றாள். கெண்டைக்காலில் நரம்பு புடைத்திருந்தது. “அம்மா, கடைக்காரர் இருக்கை போடவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதே, தெரியுமா?” என்றேன். அவள் சொன்னாள்: “இருக்கை இருக்குங்க ஐயா. உட்கார்ந்தால்தான் வேலை இருக்காது.”

அச்சட்டம் 2021-இல் தமிழ்நாட்டில் நிறைவேறியது. அதற்கு முன்பே கேரளத்தில், கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் தொடர்ந்து போராடியதன் பயனாய், 2018-இல் அங்குச் சட்டம் திருத்தப்பட்டது. மாந்தன் உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருக்கிறது என்பதே நம் குமுகாயத்திற்கு வெட்கம். அச்சட்டம் வந்த பின்னும் அச்சத்தால் உட்கார முடியவில்லை என்பது அதனினும் பெரிய வெட்கம். சட்டம் நாற்காலியைத்தான் கொண்டுவரும். அதில் உட்காரும் துணிவைச் சங்கந்தான் கொண்டுவரும்.

இங்கு ஒரு கசப்பான உண்மையைச் சொல்லவேண்டும். வணிகம் தமிழன் கையில் இருந்தால் போதும், எல்லாஞ் சரியாகிவிடும் என்று நம்மவருள் எண்ணுவோர் உண்டு. அந்தக் கடையின் முதலாளி தமிழர்தாம். பெயர்ப்பலகையும் நல்ல தமிழில்தான் இருந்தது. ஆனால் அப்பெண்ணின் கால்வலி தமிழில் வலித்தால் என்ன, வேறு மொழியில் வலித்தால் என்ன? தமிழ் முதலாளி என்பதற்காக வலி குறைந்துவிடுமா? தமிழன் முன்னேறவேண்டும் என்று மேடையில் முழங்குகின்ற நாம், எந்தத் தமிழன், எவர் தோளில் ஏறி முன்னேறுகிறான் என்று கேட்கத் தயங்கினால், நம் முழக்கத்திற்குப் பொருளில்லை. இரவு பத்துமணிக்குக் கடைக்குட் புகுந்து நாற்பது புடைவைகளை விரிக்கச் சொல்லி ஒன்றும் வாங்காமல் வருகின்றோமே, நாமும் அந்தப் பொழுதைப் பறித்தவர்கள்தாம்!

வடபுலத்திலிருந்து வந்தவன்

இன்னும் கசப்பான ஒன்றும் உண்டு. கூட்டங்களில் இளைஞர் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்கின்றனர்: “ஐயா, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் வேலையைப் பறிக்கின்றார்களே, அதைப் பற்றி ஏன் பேசுவதில்லை?” இதோ பேசுகிறேன். சினமின்றிக் கேளுங்கள்.

திருப்பூர்ப் பின்னலாடைக் கூடத்திலும், சென்னை வானுயர் கட்டடங்களிலும் வடபுலத்து இளைஞர் வேலை செய்கின்றனர். முதலாளி அவரை விரும்புவது ஏன்? அவர் நம்மைவிடத் திறமையானவர் என்பதாலா? இல்லை. அவர்க்கு இங்கு வீடில்லை, உறவில்லை, வாக்கில்லை, மொழியில்லை. வேலைக்கூடத்தின் அருகில் தகரக் கொட்டகையில் பத்துப்பேரோடு கிடக்கிறார். விளக்கை அணைத்தால் உறங்குவார். விளக்கைப் போட்டால் எழுவார். அவருடைய பொழுது முழுவதும் முதலாளியின் கையில் இருக்கிறது. மலிவானது அவர் உழைப்பன்று, அவருடைய பொழுதுதான்.

இந்தக் காட்சியை நாம் வேறெங்கோ பார்த்ததில்லையா? நம் பாட்டன்மார் கங்காணியின் பின்னால் இலங்கை மலைக்குப் போனபோது இப்படித்தான் போனார்கள். விடியுமுன் தப்படித்து எழுப்பிப் பெரட்டுக் களத்தில் நிறுத்தினர். வரிசை வரிசையான இலயங்களில் ஓரறைக்கு ஒரு குடும்பமாக அடைத்தனர். ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடனைத் தாளில் எழுதி, அந்தக் கடனோடு சேர்த்து அவனையும் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்கு மாற்றினர். 1921-இல்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. ‘கூலி’ என்று ஆளையே அழைத்தார்கள் என்றேனே, அந்தப் பேரேட்டில் அன்று நம் பெயர் இருந்தது. இன்று ஒப்பந்தக்காரனின் கைப்பேசியில் பீகார் இளைஞனின் பெயர் இருக்கிறது. பேரேடு மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

ஆகவே அவனை விரட்டுவது தீர்வாகாது. 2023 மார்ச்சில், வடபுலத்துத் தொழிலாளரை இங்குத் தாக்குகின்றனர் என்று பொய்க் காட்சிகள் பரப்பப்பட்டதையும், அஞ்சியவர் பலர் ஊர் திரும்பியதையும் நாம் அறிவோம். அதனால் நம் தொழிலாளிக்கு ஒரு காசு கூலி உயர்ந்ததா? தீர்வு வேறு. மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர்க்கு உள்ளூர்த் தொழிலாளர்க்குரிய ஊதியத்திற்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியது. அதே நேரம், அதே ஊதியம், அதே ஓய்வு அவனுக்கும் கிடைத்துவிட்டால், அவனை மலிவென்று தேடுகின்ற கரணியமே முதலாளிக்கு இராது. அவன் எட்டுமணி உழைத்தால்தான் நீங்களும் எட்டுமணியோடு வீடு திரும்பமுடியும். அவனைப் பன்னிரண்டு மணிக்கு விட்டுவிட்டால், நாளை உங்களுக்கும் அதுதான். அவனைக் காப்பது அருளன்று, நம் தற்காப்பு!

வாயிலில் தமிழ்

பிறர் நிலையையும் மறக்கலாகாது. இந்நாட்டின் உழைப்பாளருள் பத்தில் ஒன்பதுபேர் அமைப்புச்சாராத் தொழிலாளர். கொத்தனார்க்கும் சித்தாளுக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும், திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் தாய்க்கும் சங்கும் இல்லை, மணியும் இல்லை. இருசக்கர வண்டியில் உணவு கொண்டுபோகின்ற இளைஞனைக் குழுமங்கள் தொழிலாளி என்றே சொல்லுவதில்லை, ‘கூட்டாளி’ என்கின்றன. ஆக்கத்தில் பங்கில்லாத கூட்டாளியை நீங்கள் எங்கேனும் கண்டதுண்டா? அவர்களுக்கென 2023-இல் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைக்கப்பட்டது. நல்ல தொடக்கம், தொடக்கமே. மறுபுறத்தில், 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசு நடைமுறைப்படுத்தியுள்ளது. வேலைநிறுத்தத்திற்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலகங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. அரசின் இசைவு பெற்றே ஆட்குறைப்புச் செய்யவேண்டும் என்னும் கட்டுப்பாடு முன்னர் 100 பேர் வேலைசெய்யும் தொழிற்சாலைக்கே இருந்தது. இப்போது 300 பேர் இருந்தால்தான் பொருந்தும்.

இச்சட்டங்களை நம் தொழிலாளர் படித்தனரா? எவ்வாறு படிப்பர்? வேலைக்குச் சேரும்போது கையெழுத்திடுகின்ற தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. எத்தனை மணிநேரம், எத்தனை நாள் விடுப்பு, எப்போது நீக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தன் பொழுதை விற்கின்ற ஆவணத்தையே படிக்காமல் விற்கின்றான். 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம், நிலையாணைகளைத் தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் எழுதி வாயிலருகில் மாட்டவேண்டும் என்று அன்றே கூறிற்று. எத்தனை வாயில்களில் அது மாட்டப்பட்டது? தமிழ் ஆட்சிமொழி என்று ஏட்டில் இருந்து பயனென்ன? ஆலை வாயிலில் அது இல்லையானால், அங்கு ஆள்வது வேறு மொழி, வேறு ஆள்.

எனவே மூன்று செய்திகளை வேண்டுகிறேன். ஒன்று: உங்கள் ஆலையிலும் கடையிலும் வேலைநேரம், ஓய்வுநேரம், மிகைநேரத்திற்கு இரட்டிப்பு ஊதியம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாயிலில் மாட்டும்படி கேளுங்கள், வடபுலத்தார் வேலைசெய்யும் இடங்களில் அவர்தம் மொழியிலும் எழுதும்படி கேளுங்கள். இரண்டு: நீங்கள் உழைத்த நேரத்தை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள், கணக்கு எவன் கையில் இருக்கிறதோ, அவன் சொல்லே முறைமன்றத்தில் நிற்கும். மூன்று: பக்கத்தில் நின்று வேலை செய்பவன் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மொழி என்று பாராமல் அவனைச் சங்கத்தில் சேருங்கள்.

சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய சென்னைக் கடற்கரையில் 1959 முதல் ஒரு சிலை நிற்கிறது. நான்கு உழைப்பாளர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்கின்றனர். அந்தப் பாறை பெயர்வது நால்வரும் ஒரே பொழுதில் நெம்புவதால்தான். ஒருவன் கையை எடுத்தாலும் பாறை மற்றவர் மீது உருளும்.

என் தந்தையார் இன்றில்லை. அவர் விற்ற பொழுதை நான் மீட்க முடியாது. ஆனால் இங்குள்ள தந்தையர்க்கும் தாயர்க்கும் ஒன்று சொல்லுவேன். உங்கள் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பதை விழித்திருக்கும்போதே, அவன் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுகின்ற பொழுது உங்களுக்கு வேண்டும். அஃது எவரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதன்று, உங்களுடையது. கேட்டுப் பெறுங்கள், மறுத்தால் போராடிப் பெறுங்கள்!

பொழுது புலர்க! உழைப்பு வெல்க!